கூட்டணுமா, கழிக்கணுமா?

அன்புள்ள மகளுக்கு,

நிலாக்குட்டி கூட்டல் கழித்தலை மளமளவென்று போட்டுவிடுகிறாள், கதையாகச் சொல்லிக் கேட்கும் வாழ்க்கைக் கணக்கு வந்தால் மட்டும் "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று உன் முகத்தையே பார்க்கிறாள் என்று சொன்னாய். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

இன்றைக்கு ராத்திரி அவளிடம் ஒன்று கேட்டுப் பார். "ஒரு வீட்டில 5 ஆடு, 7 கோழி இருக்கு. அந்த வீட்டுப் பாட்டிக்கு என்ன வயசு?" பன்னிரண்டு என்று சொன்னால் சிரிக்காதே. ரெண்டாம் வகுப்பில் பல பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். புத்தி குறைவு இல்லை, பழக்கம். கூட்டல் பாடத்தின் கடைசியில் வரும் கணக்கெல்லாம் கூட்டலாகவே இருந்தால், ரெண்டு எண்ணைப் பொறுக்கிச் சேர்த்தாலே விடை வந்துவிடுகிறது. கதையைப் படிக்க வேண்டிய தேவையே வருவதில்லை.

இன்னொரு பழக்கம், "மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி" என்று சொல்லிக்கொடுப்பது. தயவுசெய்து அதை விட்டுவிடு. "பாத்திரத்தில் கொஞ்சம் இட்லி இருந்தது. 4 இட்லி சாப்பிட்டோம். 9 மீதி. முதலில் எத்தனை இருந்தது?" மீதி என்ற சொல்லைப் பார்த்ததும் 9-இல் 4-ஐக் கழித்து 5 என்று எழுதுவாள். "கவினிடம் 8 பென்சில். அது மாலாவிடம் இருப்பதைவிட 3 அதிகம். மாலாவிடம் எத்தனை?" அதிகம் என்றதும் 11 என்பாள். ரெண்டிலும் சொல் ஒரு பக்கம் இழுக்கிறது, நடந்தது வேறு பக்கம் இருக்கிறது.

அதனால் முதலில் எண்ணே இல்லாமல் கதையைச் சொல். "பாத்திரத்தில கொஞ்சம் இட்லி இருந்துச்சு, கொஞ்சம் சாப்பிட்டோம், கொஞ்சம் மிஞ்சிச்சு. எப்போ இட்லி நிறைய இருந்துச்சு, முதல்லயா கடைசியிலயா?" முதலில்தான் என்பாள். இப்போது 4-ஐயும் 9-ஐயும் உள்ளே வை. "அப்போ விடை 9-ஐவிடப் பெரிசா, சின்னதா?" இதற்குப் பதில் சொன்ன குழந்தை 5 என்று எழுதவே எழுதாது. தப்பித் தவறி எழுதினாலும் தானே அழித்துக்கொள்ளும். பிறகு புளியங்கொட்டையை வைத்து நடத்திக் காட்டட்டும், இல்லையென்றால் படம் போடட்டும். படம் என்றால் வெறும் வட்டங்கள் போதும். இட்லிக்குச் சட்னி, தட்டு, ஆவி எல்லாம் வரைய ஆரம்பித்தால் கணக்கு மறந்துபோகும்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு இங்கிலீஷில் இருக்கிறது அல்லவா, அவள் தடுமாறுவது கணக்கிலா பாஷையிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் "என்ன நடந்துச்சுன்னு தமிழ்ல சொல்லு" என்று கேள். சொல்ல முடிந்து விடை மட்டும் தவறினால் கணக்கில் உதவி செய். சொல்லவே வரவில்லை என்றால் வாக்கியத்தைப் புரியவை. எண்ணின் பெயரையும் தமிழில் சொல்லிப் பழக்கு. தர்ட்டீனும் தர்ட்டியும் காதுக்கு ஒன்றுபோல விழும். பதிமூன்றிலோ பத்தும் மூன்றும் வரிசையாகவே இருக்கின்றன. தமிழில் கவனிக்க வேண்டிய இடம் தொண்ணூறு. அதில் நூறு என்று காதில் விழுவதால் எண்பத்தொன்பதுக்கு அப்புறம் பிள்ளைகள் தயங்கும்.

நீ அனுப்பிய நோட்டுப் படத்தில் 52 − 27 = 35 என்று இருந்தது. அது கவனக்குறைவு இல்லை. 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். "கடன் வாங்கு" என்று மறுபடி மறுபடி சொன்னால் அடுத்த வாரம் வேறு இடத்தில் இதே தப்பு வரும். விளக்குமாற்று ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு 9 கட்டு செய்து வை, உதிரியாக ஒரு இருபது. 5 கட்டும் 2 உதிரியும் எடுத்து வைத்து "இதிலேர்ந்து 27 குச்சி எனக்குக் குடு" என்று கேள். ரெண்டு கட்டைத் தருவாள். உதிரியில் 7 இல்லை, ரெண்டுதான் இருக்கிறது. இங்கே நீ வாயைத் திறக்காதே. கொஞ்சம் முழிப்பாள், அப்புறம் அவளே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றுவாள். 12 உதிரியில் 7 போய் 5, கட்டில் 2 மிச்சம், 25. அந்த ரப்பரைக் கழற்றி ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக்குவதுதான் இனமாற்றம். நாலைந்து நாள் கையால் செய்த பிறகு, குச்சிக்குப் பக்கத்திலேயே நோட்டை வைத்து, ஒவ்வொரு அசைவையும் எண்ணாக எழுதச் சொல்.

விரல் விட்டு எண்ணினால் தடுக்காதே. ஆனால் எங்கே ஆரம்பிக்கிறாள் என்று பார். 8 + 6-க்கு "எட்டு, ஒன்பது, பத்து" என்று எட்டையே முதல் விரலாக எண்ணினால் 13 வரும். விடை எப்போதும் ஒன்று குறைவாக வருகிறது என்றால் காரணம் இதுதான். எட்டை மனசில் வைத்துக்கொண்டு முதல் விரலுக்கு ஒன்பது என்று சொல்ல வேண்டும். அடுத்த படிக்கு முட்டை அட்டை போதும். 30 முட்டை அட்டையில் ஐந்து குழி உள்ள ரெண்டு வரிசையை வெட்டி எடுத்தால் 10 குழி. அதில் எட்டுக் கொட்டை போட்டால் ரெண்டு குழி காலி என்று எண்ணாமலே தெரியும். ஆறிலிருந்து ரெண்டை எடுத்து அதை நிரப்பினால் பத்தும் நாலும் பதினாலு.

ஒரு நாள் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடு. கட்டத்தில் 12 என்றோ 17 என்றோ எழுதினால், சமக்குறிக்கு "விடை எழுது" என்று அர்த்தம் என நினைத்திருக்கிறாள். தராசை நினைவுபடுத்து. இந்தத் தட்டில் 12 இருக்கிறது, அந்தத் தட்டில் 5 மட்டும் இருக்கிறது, சமமாக இன்னும் எத்தனை போட வேண்டும்?

ஒரே விடை இல்லாத கணக்கும் வாரத்துக்கு ஒன்று வேண்டும். 1, 2, 5 ரூபாய் நாணயங்களைக் கொட்டி, "10 ரூபாயை எத்தனை விதமா குடுக்கலாம்?" என்று கேள். மொத்தம் 10 விதம். முதல் நாள் நாலைந்தைக் கண்டுபிடித்துவிட்டு, எழுதியதையே திரும்ப எழுதுவாள். "ஏதாவது விட்டுப்போச்சான்னு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடு. ரெண்டு 5 ரூபாய் வைத்தால் ஒரே விதம், ஒன்று வைத்தால் 3, ஒன்றுமே வைக்காவிட்டால் 6 என்று வரிசைப்படுத்த ஆரம்பித்தாள் என்றால், அது நூறு கூட்டல் போட்டதற்குச் சமம். அதற்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

தினம் 15 நிமிஷம், மூன்று கணக்கு போதும். முப்பது கணக்குத் தாளை நீட்டினால் சீக்கிரம் முடிப்பது எப்படி என்றுதான் யோசிப்பாள். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணும்வரை பேசாமல் இரு. பெற்றவர்களுக்கு இதுதான் கஷ்டம். சரியான விடைக்கும் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்க வேண்டும். தப்பாகப் போட்டபோது மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே அழிக்க ரப்பரை எடுத்துவிடுவாள். வாய்ப்பாடு இப்போதைக்கு 2, 5, 10 போதும்.

பொங்கலுக்கு வரும்போது தாயக்கட்டை கொண்டு வருகிறேன். ஒவ்வொரு கட்டையிலும் நாலு பக்கம். சுழி, ஒன்று, இரண்டு, மூன்று. ஐம்பது தடவை உருட்டி, விழுந்ததை எல்லாம் கோடு போட்டுக் குறித்து வைக்கச் சொல்லலாம். ரெண்டு கட்டையும் சேர்ந்து விழ 16 வழி உண்டு. அதில் கூட்டி மூன்று விழ 4 வழி, தாயம், அதாவது கூட்டி ஒன்று, விழ 2 வழிதான். தாயத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை அவளே கோடுகளைப் பார்த்துச் சொல்லட்டும், நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. புளியங்கொட்டையும் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா