ஞாயிறு ஏஏ கூட்டத்துக்குச் சேர்ந்து போகிறோம்

நண்பர்களே, வணக்கம். போன சந்திப்பில் நம் வகுப்புத் தோழர் ஒருவர் நடுங்கும் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியாப் போகக் கூச்சமா இருக்குடா, கூட யாராவது வந்தா போவேன்" என்றார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அதனால் வரும் ஞாயிறு, 15-ம் தேதி மாலை 6 மணிக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏஏ, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) திறந்த கூட்டத்துக்குப் போகிறோம்.

1. 5.30-க்குப் பேருந்து நிலையம் எதிரே டீக்கடையில் நிற்பேன்.
2. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும், முதல் நாளே பேச வேண்டியதில்லை, பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம்.
3. திறந்த கூட்டம் என்பதால் வீட்டாரும் வரலாம். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு.
4. தினமும் நிறையக் குடிப்பவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்த வேண்டாம். நடுக்கம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.
5. வெளியூர்க்காரர்கள் ஏஏ இணையதளத்தில் உங்கள் ஊர்க் கூட்டத்தைத் தேடுங்கள், ஆன்லைன் கூட்டமும் இருக்கிறது. போதை மீட்பு இலவச உதவி எண் 14446.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், குழுவில் பெயர் போட வேண்டாம். அப்புறம், அங்கே பார்த்த முகமோ கேட்ட பேச்சோ இங்கே வரவே கூடாது.