சிங்கராயர் மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

வியாழக்கிழமை ராத்திரி மூன்று தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கே படுத்திருப்பீர்கள். வத்திக்கானில் புதிய போப் தேர்வாகிவிட்டார் என்று சொல்லும் வெள்ளைப் புகை வந்தபோது நம் நேரம் 9.37. அதுவரை அந்தக் கூரையில் ஒரு கடற்காகம் குஞ்சோடு நடந்துகொண்டிருந்தது, உலகமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 133 கர்தினால்கள் நாலாவது சுற்று ஓட்டிலேயே தேர்வை முடித்துவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெயரை அறிவித்தார்கள். பேப்பர்காரர்கள் 14ஆம் லியோ என்று எழுதுகிறார்கள். நம் பழைய கோயில் தமிழில் லியோ என்றால் சிங்கராயர். உங்கள் பேர் மாமா!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடக் கிளம்பிவிட்டார்கள். இந்தப் புதிய போப்பின் சொந்தப் பேர் ராபர்ட் பிரவோஸ்ட், பிறந்தது சிகாகோவில். அமெரிக்காவிலிருந்து வரும் முதல் திருத்தந்தை. அந்த ஊரில் கப்ஸ், வைட் சாக்ஸ் என்று இரண்டு பேஸ்பால் அணிகள். 'அவர் எங்கள் ரசிகர்' என்று கப்ஸ் அணி மைதானத்து வாசலில் விளக்குப் பலகையே போட்டுவிட்டது. அவருடைய அண்ணன் ஜான் டிவியில் வந்து, இல்லவே இல்லை, அவன் எப்போதுமே வைட் சாக்ஸ் ஆள் என்று அடித்துச் சொன்னார். 2024இல் 121 ஆட்டம் தோற்ற அணி அது. மனிதருக்குப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

பெரு நாட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அங்கே வருஷக்கணக்கில் மிஷனரி, அப்புறம் அங்குள்ள சிக்லாயோ என்ற ஊருக்கு ஆயர், 2015இல் அந்நாட்டுக் குடியுரிமையும் வாங்கியவர். வெள்ளத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு அவர் நிற்கிற பழைய படம் எனக்கே நாலு பேரிடமிருந்து வந்தது. மேல்மாடத்தில் இத்தாலியனில் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் ஸ்பானிஷுக்கு மாறி சிக்லாயோ மக்களுக்கு வணக்கம் சொன்னார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்காவில் சிலருக்கு அது உறுத்திவிட்டது. அதிபர் டிரம்ப், 'நாட்டுக்கே கௌரவம்' என்று எழுதினார். அவர் ஆட்களில் சிலரோ, துணை அதிபர் வான்ஸைக் குறைசொல்லும் கட்டுரையைப் பிரவோஸ்டின் எக்ஸ் கணக்கு முன்பு பகிர்ந்திருந்ததைத் தோண்டி எடுத்துத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் உரிமை பெரு நாட்டுக்காரர்களுக்குத்தான். சிகாகோ அவருக்கு வாய்த்த ஊர், சிக்லாயோ அவர் போய் இருந்த ஊர்.

நீங்கள் மில்லில் சங்கக் கொடி பிடித்தவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1891இல் தொழிலாளியின் கூலி, சங்கம் வைக்கும் உரிமை பற்றியெல்லாம் சுற்றுமடல் எழுதிய அந்தக் காலத்துப் போப் 13ஆம் சிங்கராயரை மனதில் வைத்துத்தான் இந்தப் பேரை எடுத்தேன் என்று சனிக்கிழமை கர்தினால்களிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஆலை, இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு என்றாராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரனுக்கு லியோ என்று ஞானஸ்நானம் கொடுத்தபோது, 'என் பேரை விட்டுட்டாங்க' என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தீர்களே. இரண்டும் ஒரே பேர்தான் என்று மருமகள் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. கோயிலில் சாமியாரைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போடுங்கள்.

அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும்.