லாச்சிக்குள் கிடக்கும் துண்டு

முத்தையன்கட்டு,
ஒட்டுசுட்டான்.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் நாரி நோ எப்படி இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "பரவாயில்லை அம்மா, குளிசை போட்டால் குறையுது" என்றாய். பிறகு மருமகளோடு கதைத்தபோதுதான் முழு விஷயமும் தெரிய வந்தது. ஸ்கானில் நாரியின் நாலாம் ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டு தேய்ந்து பிதுங்கியிருக்கிறதாம். அதே கிழமை எடுத்த இரத்தப் பரிசோதனையில் கொழுப்பும் கூடவாம். ஸ்கான் படத்தைக் கூட்டாளிமாருக்கெல்லாம் காட்டிய நீ, இரத்தப் பரிசோதனைத் துண்டை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டாயாம். அவளோடு கோபிக்காதே தம்பி. நான் துருவித் துருவிக் கேட்டபடியால்தான் சொன்னாள்.

தொலைபேசியில் சொன்னால் நீ லொறி ஓட்டிக்கொண்டே "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பக்கத்து வளவுப் பிள்ளை அடுத்த கிழமை ரொரன்ரோ வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். லொறியை நிறுத்திவிட்டு ஆறுதலாக வாசி.

முதலில் அந்தத் துண்டு. மருமகள் வாசித்துக் காட்டிய இலக்கங்களை எழுதி வைத்தேன். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 4.3, இரத்தத்தில் ஓடுகிற இன்னொரு கொழுப்பான ரைகிளிசரைட் 3.1, நல்ல கொழுப்பான எச்.டி.எல். 0.9. நாலு, மூன்று என்று சின்ன இலக்கமாக இருப்பதைப் பார்த்து இதிலே என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாய். உங்கள் நாட்டில் அளக்கிற அலகு வேறு, எங்கள் கிளினிக்கில் எழுதுகிற அலகு வேறு. எங்கள் அலகுக்கு மாற்றினால் எல்.டி.எல். 166, ரைகிளிசரைட் 275, எச்.டி.எல். 35. எல்.டி.எல். 100க்குக் கீழே இருப்பது நல்லது, ரைகிளிசரைட் 150ஐத் தாண்டக்கூடாது, ஆம்பிளைகளுக்கு எச்.டி.எல். 40க்கு மேலே வேண்டும். மூன்றும் உனக்குப் பிழையான பக்கத்தில் நிற்கின்றன. ரைகிளிசரைட் கூடி, நல்ல கொழுப்புக் குறைந்து நிற்பது எங்கள் தென்னாசியச் சனத்துக்கு அடிக்கடி வருகிற கோலம். மாரடைப்பு மற்றவர்களை விட இளவயதில் எங்களுக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். உனக்கு இப்போதுதான் 39.

இனி, இந்தத் துண்டுக்கும் உன் நாரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாய்.

நீ ஆண்டு ஏழு படிக்கும்போது உயரம் பார்க்கிறேன் என்று கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டது ஞாபகமா? காலையில் ஒரு கோடு போட்டாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து பந்தடித்துவிட்டுப் பின்னேரம் இன்னொன்று போட்டாய். பின்னேரக் கோடு ஒரு விரல் கீழே நின்றது. "அம்மா நான் கட்டையாகிப் போனேன்" என்று அழுதுகொண்டு குசினிக்குள் ஓடி வந்தாய். அந்த வீடும் இல்லை, நிலையும் இல்லை. ஆனால் நீ போட்ட கோடு சரிதான். முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டுகள் பகல் முழுக்க எங்கள் பாரத்தைத் தாங்கித் தண்ணீரை விட்டுக்கொடுக்கும், இரவில் படுத்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். காலையில் எல்லோரும் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரமாகத்தான் எழும்புகிறோம்.

அந்தத் தட்டு எப்படி இருக்கும் தெரியுமா? நுங்கை நினைத்துப் பார். வெளியே வரிவரியாக இறுகிய நார், உள்ளே பெருவிரலால் குத்தினால் தண்ணீர் தெறிக்கிற களி. பிறக்கும்போது அந்தக் களியில் பெரும்பங்கு தண்ணீர்தான். வயது போகப் போகத் தண்ணீர் குறைந்து, நுங்கு முற்றிச் சீக்காயாவது மாதிரி இறுகும். இறுகிய தட்டு பாரத்தைச் சமமாகப் பரப்பிக் கொடுக்காது. வெளி நார் வெடிக்கும், களி பிதுங்கும், பக்கத்தில் போகிற நரம்பை நசிக்கும். உன் கால் பெருவிரல் விறைக்கிறது என்றாயே, நாரியின் ஐந்தாம் நரம்பு நசிந்தால் அங்கேதான் விறைக்கும்.

தட்டுக்குள் இரத்தக்குழாய் கிடையாது, ராசா. உடம்பில் இரத்தக்குழாய் இல்லாத மிகப் பெரிய உறுப்பு அதுதான். மேலும் கீழும் இருக்கிற முள்ளெலும்புக்குள் ஓடுகிற மெல்லிய குழாய்களில் இருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. கழிவும் அதே வழியால் கசிந்துதான் வெளியே போகவேண்டும். எங்கள் கடைசி வயலை நினைத்துப் பார். அதற்கென்று வாய்க்கால் இல்லை. மேல் வயல் நிறைந்து வரம்பால் கசிகிற தண்ணீரில்தான் அது விளைந்தது. குளத்துத் துருசு திறந்தாலும் பெரிய வாய்க்காலில் வண்டல் படிந்திருந்தால் முதலில் மஞ்சளாவது அந்த வயல்தான். மேல் வயல்காரருக்கு ஒன்றும் தெரியாது.

நாரி எலும்புகளுக்குப் போகிற நாடிகள் வயிற்றுப் பெருநாடியில் இருந்து நாலு சோடியாகப் பிரிகின்றன. அந்தப் பெருநாடி நாலாம் முள்ளெலும்பு மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போய்விடும். ஆகவே நாரியின் அடித்தட்டுகள் எல்லாம் கடைசி வயல்கள் மாதிரி. உன்னுடையது அதிலே ஒன்று. கொழுப்புப் படிந்து பெருநாடியின் சுவர் தடிக்கும்போது இந்தச் சின்ன நாடிகளின் வாயும் ஒடுங்கக்கூடும். இதயத்துக்கு அடைப்பு வந்தால் நெஞ்சு நோகும், உடனே ஓடுவோம். தட்டுக்குச் சாப்பாடு குறைந்தால் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் காயும்.

இது நானாகக் கட்டிய கதை இல்லை. 32 வருடம் தாதியாக வேலை செய்தும் எனக்கே இது தெரியாது. உன் சித்தியின் மகள் மருத்துவ பீடத்தில் படிக்கிறாள், அவளைக் கொண்டுதான் தேடுவித்தேன். அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் ஊர்ச்சனத்தின் இதயத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். கொலஸ்ரோல் கூடினால் மாரடைப்பு வரும் என்பதை உலகம் படித்ததில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே சனத்தின் நாரி எக்ஸ்ரே படங்களை 25 வருட இடைவெளியில் ஒப்பிட்டு 1997 இல் எழுதியிருக்கிறார்கள். பெருநாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்குத் தட்டுத் தேய்வு கூடுதலாக இருந்திருக்கிறது. கடுமையாகப் படிந்தவர்கள் நாரி நோவையும் கூடுதலாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்லாந்தில் இறந்தவர்களின் நாடிகளுக்குள் சாயம் செலுத்திப் படம் பிடித்தபோதும், உயிரோடு இருக்கும்போது நாரி நோவோடு இருந்தவர்களின் நாடிகள்தான் கூடுதலாக அடைபட்டும் ஒடுங்கியும் கிடந்தன. 2011 இல் இத்தாலியில் இருந்து வந்த ஒரு கட்டுரை, தட்டு பிதுங்கி வந்தவர்களையும் முழங்கால் சவ்வு கிழிந்து வந்தவர்களையும் ஒப்பிட்டது. தட்டு பிதுங்கியவர்களுக்குத்தான் ரைகிளிசரைட்டும் மொத்தக் கொலஸ்ரோலும் கூடுதலாக இருந்தன.

குழாய் ஒடுங்குவது ஒரு வழி. பழுதாகிப்போன எல்.டி.எல். தட்டின் கலங்களையே நேராகத் தாக்கி, களியைக் கரைக்கிற பொருட்களைச் சுரக்க வைக்கிறது என்றும் ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். வயிற்றைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பும் உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அழற்சியை மூட்டி வைத்திருக்கும். அந்த வயிறு நாரிக்குப் பாரமும்தான்.

உனக்கு உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். கொழுப்புத்தான் தட்டைத் தேய்க்கிறது என்று இன்னும் முற்றாக நிறுவவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுகின்றன. வயது, பருமன், சிகரெட் போன்றவை இரண்டையும் ஒருங்கே கெடுக்கக்கூடும். தட்டுத் தேய்வில் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உன் லொறியின் குலுக்கமும் இருக்கையில் மணிக்கணக்காக இருப்பதும் வேறு. அதனால் கொழுப்பைக் குறைத்தால் நாரி சுகமாகிவிடும் என்று அம்மா சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் இதயத்துக்காக எப்படியும் குறைக்கத்தான் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. நாரிக்கும் ஒரு நன்மை கிடைக்கக்கூடும் என்றால் நீ ஏன் அந்தத் துண்டை லாச்சிக்குள் வைத்திருக்கிறாய்?

இப்போது அப்பாவைப் பற்றி எழுதவேண்டும். இதுவரை உன்னோடு நான் இதைக் கதைத்ததில்லை.

2009 இல் அப்பாச்சியை அப்பா முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தது உனக்குத் தெரியும். முகாமால் வந்த பிறகு காடு பற்றியிருந்த வளவை வெட்டி, கல்லரிந்து, வீடு கட்டினார். அதற்குப் பிறகுதான் நாரி பிடிக்கத் தொடங்கியது. குனிந்தால் நிமிர முடியாது. கட்டிலால் எழும்ப என் தோளைப் பிடிப்பார். ஊரில் எல்லோரும் "பாரம் தூக்கின நாரி" என்றார்கள், நானும் அதையே சொன்னேன். இரவில் எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்து சுருட்டுப் பற்றிக்கொண்டே "கொஞ்சம் சுகமாயிருக்கு" என்பார். மூன்று வருடம் இப்படிப் போனது. 2014 இல் வயலால் வந்து திண்ணையில் இருந்தவர் நெஞ்சைப் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. 57 வயது.

அவருக்கு ஒருநாளும் கொழுப்புப் பார்த்ததில்லை, தம்பி. வாட்டில் எத்தனையோ பேருக்கு இரத்தம் எடுத்த கை இது. அவர் கையில் ஒரு தடவை ஊசி ஏற்றவில்லை. அவருடைய நாரியும் நெஞ்சும் ஒரே காரணத்தால் கெட்டன என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அந்தப் பாரமும் பொய்யில்லை. ஆனால் நாரி என்று படுத்த ஐம்பது வயதுச் சுருட்டுக்காரருக்குப் பிரஷரும் சீனியும் கொழுப்பும் பார்த்திருக்கவேண்டும். அதை இன்னும் நினைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். உன் துண்டு லாச்சிக்குள் இருக்கிறது என்று மருமகள் சொன்னபோது அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

ரைகிளிசரைட்டைக் கூட்டுவது எண்ணெய் மட்டும் என்று நினையாதே. சீனி, வெள்ளை மா, குவித்துப் போடுகிற வெள்ளைச் சோறு, குடி, இவைதான் அதை ஏற்றுகின்றன. இரண்டு கரண்டி சீனி போட்ட கோப்பியை ஒரு நாளைக்கு நாலு தடவை குடித்தால் அதிலேயே எட்டுக் கரண்டி. வெள்ளிக்கிழமைப் பியர் எத்தனை என்று நான் கேட்கவில்லை, நீயே எண்ணிப் பார். எல்.டி.எல்.லைக் கூட்டுவது வெண்ணெய், நெய், கொழுப்பு இறைச்சி, பொரித்த றோல்ஸ். தேங்காயும் உண்டு. எங்கள் சனம் தேங்காயைக் குறை சொன்னால் கோபிக்கும், எனக்கும் அது மனதுக்குக் கஷ்டம். ஆனால் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லைக் கூட்டும் என்பது உண்மை. சொதியை விடச் சொல்லவில்லை. முதற்பாலைத் தவிர்த்து மூன்றாம் பாலில் வைக்கச் சொல், தேசிக்காய்ப் புளி கொஞ்சம் கூடுதலாக விட்டால் ருசி குறையாது. சாளை, சூடை மாதிரி மீன்கள் அங்கே கடையில் உறைய வைத்து வருகிறதாம். பொரிக்காமல் குழம்பாக வைத்துக் கிழமையில் இரண்டு தரம் சாப்பிடு. குரக்கன் புட்டு, கடலை, பயறு, கீரை. இவை நீ சின்னனில் சாப்பிட்டவைதான்.

மூன்று மாதம் இப்படி இருந்தும் இறங்கவில்லை என்றால், அல்லது டொக்டர் இப்போதே தொடங்கச் சொன்னால், கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் குளிசையை வேண்டாம் என்று சொல்லாதே. இதயத்துக்குத்தான் அதைத் தருகிறார்கள், அதை நாரி மருந்து என்று நினைத்துப் போடாதே. போட்ட பிறகு தசை நோ வந்தால் நீயாக நிற்பாட்டாமல் டொக்டரிடம் சொல், வேறு மாற்றித் தருவார். நோக் குளிசையை மாதக்கணக்காகப் போடுவதுதான் எனக்குப் பயம். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் லொறியால் இறங்கிப் பத்து நிமிடம் நட. தட்டு பம்பு மாதிரி. நசிந்து விரிந்தால்தான் உள்ளே சாப்பாடு போகும். சிகரெட் பற்றுகிறாயா என்று மருமகளிடம் கேட்டேன், அவள் பேசாமல் இருந்தாள். விட்டுவிடு ராசா. அது அந்த மெல்லிய குழாய்களைச் சுருக்கும்.

ஒன்றை மட்டும் குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டி வை. சலம் போவது தெரியாமல் போனால், அல்லது முட்டியும் போகாமல் நின்றால், மலம் அடக்க முடியாமல் போனால், சலவாசலைச் சுற்றி விறைத்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் கால் இழுபட்டால் ஒரு மணித்தியாலமும் பாராமல் அவசரப் பிரிவுக்குப் போ. விடியட்டும் என்று படுத்திருக்காதே.

அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு முதல்நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடி. இல்லாவிட்டால் ரைகிளிசரைட் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டக்கூடும். வந்த துண்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, பழைய துண்டையும் சேர்த்து. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

பக்கத்து வளவுப் பிள்ளையிடம் ஒரு கிலோ குரக்கன் மாவும் முருங்கையிலைப் பொடியும் கொடுத்துவிடுகிறேன். ஒடியலும் கொஞ்சம் இருக்கிறது, அது பேரனுக்கு. சின்னவளுக்குக் கதவு நிலையில் காலையும் பின்னேரமும் கோடு போட்டுக் காட்டு, அவள் நம்பமாட்டாள்.

அன்புடன்,
அம்மா