வேலைக் கிடைத்தது

தாம்பரம்
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் தெளிவு வந்துவிட்டது. நேற்று யாரும் கேட்காமலேயே முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக் காட்டினாள்.

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டது மனத்திலேயே நிற்கிறது. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் இரண்டு பை நிறைய வாங்கிப் போனவள், ஒன்றைக்கூட முடிக்கவில்லை என்றாய். 40 பக்கம் தாண்டுவதற்குள் அடுத்ததை எடுக்கிறேன், அதிலும் 40 பக்கம்தான் என்றாய். "உங்களுக்கு இப்படி ஆனதே இல்லையா அப்பா?" என்றாய். "இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பொய். பேச்சில் சொல்லப்போனால் வேறு எதையாவது பேசி நழுவிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஐந்து வருடம் நான் ஒரு புத்தகம்கூடப் படிக்கவில்லை. என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய நாவலை "அருமை" என்றேனே, அது பின்னட்டையை மட்டும் படித்துவிட்டுச் சொன்னது. உள்ளே 27-ஆம் பக்கம் வரை போனேன். கதாநாயகன் மாதக்கணக்கில் அலைந்து, கடைசியில் அந்தப் பக்கத்தில் "வேலைக் கிடைத்தது" என்று அச்சாகியிருந்தது. அவனுக்கு வேலை கிடைத்தது, எனக்கு அந்த 'க்' கிடைத்தது. அங்கே ஒற்று வராது என்று உனக்கே தெரியும். இதைப் பார்த்தவன் யார், எப்படி விட்டான், மூலப்பிரதியிலேயே இருந்ததா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு புத்தகத்தை மூடியவன்தான். வேறு எதை எடுத்தாலும் இதே கதை. ஒன்றில் "முயற்ச்சி", இன்னொன்றில் பிரிக்கக்கூடாத இடத்தில் பிரித்த சொல். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் என்னால் ஈசிச்சேரில் சாயவே முடியவில்லை.

பிழை பார்க்கும் கண்ணுக்குக் கதை தெரியாது. தெரியவும் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் ஒரு ஃபாரத்தையே கோட்டைவிட்டேன். 16 பக்கம், 1,200 பிரதி. திரும்ப அச்சடித்த செலவை மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எழுத்தை மட்டும்தான் பார்ப்பேன், என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன். கொலைகாரன் யார் என்பது மறந்துவிட்டது, அந்த மூன்று சம்பளம் மறக்கவில்லை. இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போகவேண்டும் என்று 1954-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நாற்பது ஆண்டில் நான் தவறவிட்டவை எல்லாம் எழும்பூரில் பத்திரமாக இருக்கின்றன என்ற நினைப்பு சில இரவுகளில் வரும்.

நீ பார்ப்பதும் அதே வேலைதானே? அதற்கு டெஸ்டிங் என்று பெயர், சம்பளம் கொஞ்சம் கூட. காலை முதல் இரவு வரை அடுத்தவர் செய்ததில் எங்கே உடையும் என்று தேடுகிறவள், இரவு பத்து மணிக்கு ஒரு நாவலைப் பிரித்தால் கண் உடனே மாறிவிடுமா? சோம்பேறியாகிவிட்டேன் என்றாயே, அதை நான் ஏற்கவில்லை. வருடத்துக்கு 50 புத்தகம் என்று எழுதி ஒட்டியிருக்கும் தாளை முதலில் கிழித்துப் போடு. ஃபாரக் கணக்கில் படித்துப் படித்துக் கெட்டவன் சொல்கிறேன்.

நான் மீண்டது அம்மாவின் கண்ணால். போன வருடம் முதல் கண்ணில் புரை எடுத்தபோது இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி விடவேண்டும். மருந்து போடுவது என் பொறுப்பு. கண்ணை மூடிப் படுத்திருந்தவளுக்குப் பொறுமை இல்லை. "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், எதையாவது படியுங்கள், கேட்கிறேன்" என்றாள். கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது ஒன்றுதான். டேபிள் ஃபேனுக்கு முட்டுக்கொடுத்திருந்த, உன் பாட்டி பைண்டு செய்து வைத்த பழைய தொடர்கதை. 1960-களில் வாராவாரம் இதழிலிருந்து கிழித்துச் சேர்த்தது. ஒரு பக்கம் கதை, அதன் முதுகில் கூந்தல் தைல விளம்பரமும் மாமியார் துணுக்கும்.

அச்சகத்தில் முதல் மூன்று வருடம் நான் காப்பி ஹோல்டர். மூலப்பிரதியை நான் உரக்கப் படிக்க, எதிரில் பெரியவர் ஒருவர் காலி புரூஃபை, அதாவது பக்கம் பிரிப்பதற்கு முன் எடுக்கும் நீளத் தாளைச் சரிபார்ப்பார். ஏற்ற இறக்கம் கூடாது. கமா, புள்ளி, மேற்கோள், பாரா எல்லாவற்றையும் வாயால் சொல்லவேண்டும். நாக்கு அதை மறக்கவில்லை போலிருக்கிறது. "தேவகி வாசலுக்கு வந்தாள் கமா யாரையும் காணவில்லை புள்ளி பாரா" என்று ஆரம்பித்தேன். அம்மா சிரித்த சிரிப்பில் போட்ட மருந்து கன்னத்தில் வழிந்துவிட்டது. மறுபடி போட்டோம். மறுபடி ஐந்து நிமிடம்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஒன்று கவனித்தேன். வாய் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ணால் நின்று திருத்த முடியவில்லை. அச்சில் இருந்த பிழையை நாக்கு தானாகவே சரிசெய்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. பக்கம் முடிந்த பிறகுதான் அங்கே ஒரு பிழை இருந்ததே எனக்கு உறைத்தது. போதாததற்கு அது பழைய எழுத்து. 1978-இல் அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது, அதற்கு அடுத்த வருடம் வேலைக்குச் சேர்ந்தவன் நான். தும்பிக்கை வைத்த 'லை'யும் 'னை'யும் வந்தபோதெல்லாம் என் அவசரக் கண் தடுக்கி, சிறுவயதில் படித்த வேகத்துக்கு இறங்கியது. மருந்து இருவேளையாகக் குறைந்த பிறகும் நான் ஐந்து நிமிடத்தில் நிறுத்தவில்லை. ஒருநாள் அம்மா தூங்கிப்போனது தெரியாமல் முக்கால் மணி நேரம் படித்திருக்கிறேன். தேவகிக்கு என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது, பாப்பா. ஒரு கதைக்காக அப்படிக் கவலைப்பட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது!

நடுவில் இரண்டு வார இதழ்கள் இல்லை. பாட்டி யாருக்கோ கொடுத்துத் திரும்பவில்லையாம். "எனக்கு நினைவிருக்கிறது, நான் சொல்கிறேன்" என்று கண்ணை மூடியபடியே அம்மா மூன்று நாள் கதை சொன்னாள். அதில் ஒரு படகு விபத்து வந்தது. பிறகு கதை முடியும்வரை அந்தப் படகைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

உனக்கு இது சரிப்படுமா என்று எனக்குத் தெரியவில்லை. உன் வீட்டில் சொட்டு மருந்துக்குப் படுத்திருக்கும் ஆளும் இல்லை. ஒன்று செய். அம்மா இப்போது தானே படிக்கலாம், ஆனால் கேட்டுப் பழகிவிட்டாள். இரவு ஒன்பதரைக்குப் போன் செய்து, அந்த இரண்டு பையில் கைக்கு வந்ததை ஐந்து நிமிடம் அவளுக்குப் படித்துக் காட்டு. பிடிக்காவிட்டால் நடுவிலேயே சொல்லிவிடுவாள், அப்போது வேறொன்றை எடு. நான் பக்கத்தில் இருந்தாலும் வாய் திறக்க மாட்டேன்.

நீ அனுப்பிய நாவலைப் போன செவ்வாய்க்கிழமை மறுபடி எடுத்தேன். 27-ஆம் பக்கத்தில் அந்த 'க்' அப்படியே இருக்கிறது. சிவப்புப் பேனா உள்ளறையில் இருந்தது, எழுந்து போகச் சோம்பலாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். அவனுக்கு வேலை கிடைத்தது தென்காசியில் ஒரு மரக்கடையில்.

அன்புடன்,
அப்பா