குறைந்த பணத்தில் நல்ல வீடு

ஆசிரியருக்கு,

கையில் உள்ள சிறு தொகைக்கு உருப்படியான வீடு கிடைக்காது என்று பலரும் கைவிரிக்கிறார்கள். கிடைக்கும், புத்தம்புதிதாகத்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால். உதிர்ந்த பூச்சு, உடைந்த தரைஓடு, பழைய குழாய் எல்லாம் செலவோடு தீர்ந்துவிடும். விரல் நுழையும் அளவுக்குச் சுவரில் சாய்வாக ஓடும் விரிசலும், கூரைக் கம்பி துருவேறிக் கான்கிரீட் பிளந்து நிற்பதும் வேறு சங்கதி. அதைச் சும்மா தந்தாலும் வேண்டாம். தரகர் முகம் சுளித்தாலும் மழை நாளில் போய்ப் பாருங்கள். ஒற்றைச் சுவருக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருந்தால், பெரும்பாலும் ஈரக்கறையை மறைக்கத்தான். பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டக் கஞ்சத்தனம் கூடாது.

வட்டிதான் பெரிய செலவு. 9 சதவீதத்தில் 20 ஆண்டுத் தவணைக்கு வாங்கிய கடன், கட்டி முடிக்கையில் இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும். மலிவு வீட்டு விளம்பரங்களில் இந்தக் கணக்கு மட்டும் கண்ணில் படுவதில்லை.

- ஒரு வாசகர்