ஹரப்பா செங்கல்லப் பத்தியும் எழுதுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த சிந்துவெளி கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நான் 26 வருஷமா கட்டட வேலை பாக்குறேன், கையாளா ஆரம்பிச்சு கொத்தனாராகி இப்ப மேஸ்திரி. கட்டுரை முழுக்க சிந்துவெளி எழுத்து எந்த மொழிங்குற பேச்சுதான். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரில அத படிச்சு சொல்றவங்களுக்கு பத்து லட்சம் டாலர் பரிசுன்னு அறிவிச்சதுல இருந்து எங்க பாத்தாலும் இதே பேச்சு, தப்பில்ல, தெரிஞ்சுக்க வேண்டியதுதான். ஆனா அந்த ஊர கட்டுன வேலைக்கு நீங்க குடுத்தது ரெண்டே வரி, அதுதான் எனக்கு மனசுக்கு கஷ்டமா போச்சு.

அவங்க செங்கல்லு நீளம் 28, அகலம் 14, கனம் 7 சென்டிமீட்டர், அதாவது 4க்கு 2க்கு 1. இது ஏன்னு கொத்து வேலை தெரிஞ்ச யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஒரு கல்ல நீளவாக்குல வைக்கிறோம், இன்னொண்ண குறுக்க வைக்கிறோம், ரெண்டு குறுக்கு சேந்தா ஒரு நீளம் வந்தாதான் மூட்டு மேல மூட்டு விழாம அடுத்த வரிசை ஏறும், இல்லேன்னா செவுரு மேல இருந்து கீழ வரைக்கும் விரிசல் விட்டுரும். இப்ப பாகிஸ்தான்ல இருக்குற மொஹஞ்சதாரோ, ஹரப்பா ரெண்டு சிந்துவெளி ஊருக்கும் நடுவுல கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர், ரெண்டு ஊர்லயும் இதே கணக்கு. எங்க பக்கம் ரெண்டு சூளைல கல்லு எறக்குனாலே சைஸ் ஒத்து வராது சார், கலவைய தடிமனா போட்டுத்தான் சரிக்கட்டுவோம். அவங்க 4500 வருஷத்துக்கு முன்னாடி அத ஒழுங்கு பண்ணி வச்சிருக்காங்க.

(ஹரப்பா சிந்து நதிக்கரைல இருக்குன்னு போட்டிருந்தீங்க, அது ராவி ஆத்துப் பக்கம், ராவி செனாப் ஆத்துல கலந்து, அப்புறம்தான் அந்தத் தண்ணி சிந்துவுல சேருது. திருத்திருங்க.)

கிணறு இன்னும் ஆச்சரியம். மொஹஞ்சதாரோல மட்டும் 700 கிணறு வரைக்கும் இருந்திருக்கும்னு ஆய்வு பண்ணவங்க கணக்கு சொல்றாங்க. அதுக்குன்னே தனியா கல்லு அறுத்திருக்காங்க, உள்பக்கம் ஒடுக்கம், வெளிப்பக்கம் அகலம், ஆப்பு மாதிரி. வட்டமா வச்சுக்கிட்டே வந்தா வெளிய மண்ணு நெருக்க நெருக்க கல்லு ஒண்ணோட ஒண்ணு இறுகுமே தவிர உள்ள சரியாது. இப்ப சுத்தி இருந்த மண்ண தோண்டி எடுத்துட்டதால சில கிணறுங்க புகைபோக்கி மாதிரி ஒசரமா தனியா நிக்குது, போட்டோல பாத்தேன், ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். மொஹஞ்சதாரோல இருக்குற பெரிய குளத்துலயும் வேலை அப்படித்தான், 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், கல்ல நெருக்கி அடுக்கி ஜிப்சம் கலவை போட்டு பின்னாடி தார் மாதிரி பிடுமன் பூசியிருக்காங்க. தண்ணி கசியக்கூடாதுன்னு இன்னைக்கு நாங்க பாத்ரூம்ல படுற பாடு அவங்களும் பட்டிருக்காங்க!

அப்படிப்பட்ட கல்லத்தான் 1850கள்ல லாகூர்–முல்தான் ரயில் பாதை போட்டப்ப ஹரப்பால இருந்து பேத்து எடுத்துட்டுப் போய் தண்டவாளத்துக்கு அடில ஜல்லியா கொட்டிட்டாங்க, சுமார் 160 கிலோமீட்டருக்கு. அத படிச்சப்ப வயிறு எரிஞ்சது. மிச்சம் இருக்குறதயும் மொஹஞ்சதாரோல உப்பு அரிக்குது. மண்ணுல இருக்குற உப்பு ஈரத்தோட ஏறி செவுத்துல பூத்து கல்லு பொரிஞ்சு மாவா உதிருறத எங்க வேலைலயும் பாக்குறோம், பழைய வீட்டுல அடிச்செவுரு அப்படித்தான் போகும். 2022 மழைலயும் அங்க நெறைய செவுரு சேதமாச்சு.

எழுத்தப் பத்தி எழுதுங்க, வேணாங்கல. ஆனா இந்த செவுத்துக்கும் சாக்கடைக்கும் கிணத்துக்கும் ஒரு நாலு பக்கம் ஒதுக்குங்க, முடிஞ்சா கட்டட வேலை தெரிஞ்ச ஒருத்தரயும் கேட்டு எழுதுங்க. படம் போடும்போது தூரத்துல இருந்து எடுத்தது வேணாம், கிணத்தோட உள்பக்கம் மூட்டு தெரியுற மாதிரி பெருசா போடுங்க, என்கிட்ட வேலை பழகுற பசங்களுக்கு காட்டணும்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
ஈரோடு மாவட்டம்