கொடியில் காயட்டும் உடுப்பு

ஆசிரியருக்கு,

எங்கள் தொடர்மாடியில் மொட்டைமாடிக் கொடிகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். பார்க்க அழகில்லையாம். மனம் ஆறவில்லை. வெள்ளவத்தையில் காலை வெயிலும் கடற்காற்றும் சேர்ந்தால் பருத்திச் சேலை மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். படுக்கைவிரிப்பை உதறி மடிக்கும்போது எழும் அந்த வெயில் வாசம் எந்தச் சலவைத்தூளிலும் இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் கிருமிகளையும் கொல்லும். உலர்த்தும் இயந்திரமோ ஒரு தடவைக்கே இரண்டு, மூன்று அலகு மின்சாரம் இழுக்கும். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் இல்லாதபோதும் எங்கள் உடுப்பு காய்ந்தது இந்தக் கொடியில்தான். அப்புறம், மழை இருட்டினால் பக்கத்து வீட்டு அக்கா என் உடுப்பையும் சேர்த்து அள்ளி வருவார், அப்படித்தான் பழக்கமானோம். புதிய தொடர்மாடிகளுக்கு அனுமதி வழங்குவோர் கொடிக்கென ஓரிடம் ஒதுக்கச் சொல்ல வேண்டும்.

வாசகி,
கொழும்பு 06